அக்காவிடம் கேளுங்கள்: வகுப்புப் படத்தில் இல்லாதவர்கள்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, நான் மலேசியாவில் ஜோகூர் மாநிலத்துக் குளுவாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, 1983-ல் படிவம் ஐந்து முடித்து, தாதிமை படிக்கப் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வந்தவள் என்று எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. உட்லண்ட்ஸ், ஈசூன், பிடோக், ஜூரோங் என்று எங்கெங்கிருந்தோ, "நானும் லாபிஸ்", "நானும் சிகாமட்", "நானும் குளுவாங்தான் அக்கா" என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை உடம்புக் கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு, பள்ளிக்கூடக் கேள்விகளுக்கே முழு இடத்தையும் கொடுக்கிறேன்.

கேள்வி: அக்கா, நானும் குளுவாங் பக்கத்துத் தோட்டம்தான். 1986-ல் படிவம் ஐந்தின் எஸ்.பி.எம். அரசுத் தேர்வு எழுதினேன். நாற்பதாவது வருஷம் என்று வகுப்புத் தோழர்கள் வாட்ஸ்அப் குழு ஆரம்பித்திருக்கிறார்கள். டிசம்பரில் குளுவாங்கில் ஒரு ஹோட்டலில் விருந்து. குழுவில் தினமும் பிள்ளைகளின் பட்டமளிப்புப் படம், புது வீடு, ஐரோப்பா பயணம். நான் மூன்றாம் நிலையில்தான் பாஸ் செய்தேன். பல வருஷமாக உணவங்காடிக் கடையில் தோசை போடுகிறேன். போனால் என்ன சொல்வது? போகாமலே இருந்துவிடலாமா?
ஒரு வாசகி, ஈசூன்

பதில்: போங்கள், தங்கச்சி. கட்டாயம் போங்கள்.

என்ன வேலை என்று கேட்டால், செய்கிற வேலையைச் சொல்லுங்கள். ஊர் எழுவதற்கு முன்னால் எழுந்து, முதல் பஸ் பிடித்து, வேலைக்குப் போகிறவர்கள் வரும்போது கல் சூடாக இருக்கவேண்டும் என்று நிற்பது லேசான காரியமா? மருத்துவமனையில் இரவு வேலை முடித்து வரும்போது எங்களுக்குச் சூடாகச் சாப்பாடு போட்டவர்கள் உங்களைப் போன்ற பெண்கள்தான். அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு.

மூன்றாம் நிலை என்று எழுதும்போதே உங்களுக்குக் கூச்சம் வந்திருக்கிறது. நம் காலத்தில் எஸ்.பி.எம். முடிவு மொத்தமாக முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்றுதான் வரும். அந்தத் தாளில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். தேர்வு வருஷக் கடைசியில். ஜோகூரில் பருவமழை கொட்டுவதும் அப்போதுதான். மழை பெய்தால் ரப்பர் மரம் நனைந்துவிடும், பால் வெட்ட முடியாது. வெட்டு இல்லாத நாளில் கையில் காசு வராது. தோட்டத்துப் பிள்ளைகள் தேர்வு எழுதிய வாரங்களும் வீட்டில் பணம் இல்லாத வாரங்களும் ஒன்றுதான். எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், தோட்டத்து இன்ஜின் ஓடும்வரைதான் மின்சாரம். அப்புறம் மண்ணெண்ணெய் விளக்கு. உங்கள் லயத்திலும் அப்படித்தான் இருந்திருக்கும். அங்கிருந்து வந்து, மலாய் மொழியில் எல்லாப் பாடமும் எழுதிப் பாஸ் செய்திருக்கிறீர்கள். டவுனில் டியூஷன் போன பிள்ளையின் முதல் நிலைக்குப் பக்கத்தில் வைத்து அதைச் சின்னதாகப் பார்க்காதீர்கள்.

குழுவில் வரும் படங்களை நினைத்துக் கலங்கவேண்டாம். நாற்பது வருஷம் பேசாதவர்களுக்குப் பேச்சைத் தொடங்க வேறு வழி தெரிவதில்லை. அதனால் பிள்ளையின் படத்தைப் போடுகிறார்கள். எங்கள் வகுப்பு கூடியபோதும் முதலில் அப்படித்தான் இருந்தது. நேரில் பார்த்த பிறகு யாரும் நிலையைக் கேட்கவில்லை, சம்பளத்தையும் கேட்கவில்லை. வெள்ளைச் சப்பாத்துக்குப் பூச்சு தீர்ந்துபோனால் கரும்பலகைச் சுண்ணாம்பைத் தேய்த்துக்கொண்டு சபைகூடலில் நின்றது, முடியை விரலால் அளந்து பார்க்கும் கட்டொழுங்கு ஆசிரியர், மழை நாளில் தோட்டத்து லாரி சேற்றில் புதைந்து இரண்டாம் பாடத்துக்கு வந்து சேர்ந்தது, இதையெல்லாம்தான் பேசினோம். ஒரு சீனத் தோழி, நான் கொண்டுபோகும் எலுமிச்சைச் சாதத்துக்கும் அவளுடைய மீஹூனுக்கும் நடந்த பண்டமாற்றை அப்படியே நினைவு வைத்திருந்தாள். அவள் இப்போது பெரிய கணக்காய்வாளர். எனக்கு அது அன்றைக்கு வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் தெரியும்.

ஒன்று மட்டும் உங்கள் ஏற்பாட்டாளர்களிடம் கேளுங்கள். பட்டியலை எதைப் பார்த்து எழுதினார்கள்? படிவம் ஐந்து வகுப்புப் படத்தைப் பார்த்துத்தானே? எங்கள் முதல் கூட்டத்திலும் அப்படித்தான் செய்தார்கள். அந்தப் படத்தில் இருப்பவர்கள் கடைசிவரை தாக்குப்பிடித்தவர்கள். படிவம் ஒன்றுக்கு முன்னால் மலாய் தேற்றிக்கொள்ள இருந்த புகுமுக வகுப்பில் நம்மோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் எத்தனையோ பேர் படிவம் மூன்றின் எஸ்.ஆர்.பி. தேர்வோடு நின்றுவிட்டார்கள், சிலர் அதற்கும் முன்பே. அவர்களும் நம் வகுப்புதான். அடுத்த முறை எங்கள் ஆட்கள் பட்டியலைப் புகுமுக வகுப்பிலிருந்து தொடங்கினார்கள். ஒருவர் செம்பனை லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருத்தி பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை வேலை. இன்னொருத்தி கோயிலில் பூ கட்டுகிறாள். "எங்களையும் கூப்பிடுவீங்கன்னு நினைக்கலை" என்று அவள் சொன்னதைக் கேட்டு எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஹோட்டல் விருந்துக்குத் தலைக்கு இவ்வளவு ரிங்கிட் என்றால் அவர்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள். ஒரு மண்டபத்தை எடுத்து, சமைப்பதற்கு ஆள் வைத்து, முடிந்தவர்கள் கூடக் கொடுத்தால் போதும் என்று குழுவில் சொல்லிப் பாருங்கள். தோசைக்கல் பிடித்த கை உங்களுடையது. இந்த விஷயத்தில் உங்கள் பேச்சுக்கு மதிப்பு இருக்கும்.

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. சாப்பிட உட்கார்ந்தால் புகுமுக வகுப்புக் கதைதான். "என் ஒரு வருஷத்தை எடுத்துட்டாங்க" என்பார். நான் இங்கேயே பிறந்து படித்தவள். ஒரு வருஷத்தில் அப்படி என்ன போய்விட்டது, இத்தனை காலம் கழித்தும் ஏன் இந்த ஆதங்கம் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டால் கோபம் வருகிறது அவருக்கு.
ஒரு மகள், செங்காங்

பதில்: மகளே, நீங்கள் தொடக்கநிலை ஒன்றிலிருந்தே ஆங்கிலத்தில் பாடம் படித்தீர்கள், தமிழை ஒரு பாடமாகப் படித்தீர்கள். உயர்நிலைப்பள்ளிக்குப் போனபோது சீருடை மாறியது, நண்பர்கள் மாறினார்கள், பாடமொழி மாறவில்லை. உங்கள் அப்பாவுக்கு எல்லாமே மாறியது.

மலேசியாவில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடும். கணக்கு, அறிவியல் எல்லாம் தமிழில் படித்துவிட்டு, அதற்கு மேல் தமிழ்வழியில் போக இடைநிலைப்பள்ளி கிடையாது. மலாய்வழிப் பள்ளிக்குத்தான் போகவேண்டும். மலாய்ப் பள்ளியில் படித்த பிள்ளைகள் நேராகப் படிவம் ஒன்றில் உட்காருவார்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்தும் சீனப்பள்ளியிலிருந்தும் வந்த நாங்கள் மலாய்மொழியைத் தேற்றிக்கொள்வதற்காக ஒரு வருஷம் புகுமுக வகுப்பில் இருந்துவிட்டுப் பிறகு படிவம் ஒன்றுக்குப் போவோம்.

சொல்லும்போது சின்ன விஷயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வயதை நினைத்துப் பாருங்கள். தோட்டத்துப் பள்ளியில் கணக்கில் முதலாவதாக வந்த பையன், டவுன் பள்ளியில் ஆசிரியர் கேட்கும் கேள்வியே புரியாமல் தலையைக் குனிந்துகொண்டிருப்பான். அவனுக்குப் பின்னம் தெரியும், பின்னத்துக்கு மலாயில் என்ன பெயர் என்று தெரியாது. அறிவாளி என்று பெயர் வாங்கியவன் ஒரே மாதத்தில் 'மக்கு' வரிசைக்குப் போய்விடுவான். அப்படி உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் வயதுக் கணக்கு. மற்றவர்கள் பதினைந்து வயதில் எழுதும் எஸ்.ஆர்.பி.யை எங்கள் பிள்ளைகள் பதினாறில் எழுதுவார்கள். அந்தத் தேர்வில் தேறவில்லை என்றால் படிவம் நாலு கிடையாது. அதோடு, தோட்டத்தில் பதினாறு வயதுப் பையன் என்றால் வேலைக்கு ஆள். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, தங்கைக்குப் படிப்பு, வீட்டில் கடன் என்று ஏதாவது ஒன்று வந்தால் போதும், அவன் சீருடையைக் கழற்றிவிட்டு ரப்பர்ப் பால் வெட்டப் போய்விடுவான். அந்த ஒரு வருஷம் முன்னால் கிடைத்திருந்தால் தேர்வை முடித்திருப்பான் என்ற பிள்ளைகள் எத்தனையோ பேர். உங்கள் அப்பா தனக்காக மட்டும் வருத்தப்படவில்லை என்று நினைக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் அவர் மனதில் இருக்கிறார். அந்தப் பெயரைக் கேளுங்கள். "ஒரு வருஷம்தானே அப்பா?" என்று கேட்டால் கோபம் வரத்தான் செய்யும். "உங்க பக்கத்துல யாருப்பா உட்கார்ந்திருந்தாங்க? அவங்க இப்ப எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னும் இரண்டு விஷயம் கேளுங்கள். 1975-ல் அங்கே பாடநூல் இரவல் திட்டம் வந்தது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியே புத்தகம் கொடுத்து வருஷக் கடைசியில் திரும்ப வாங்கிக்கொள்ளும். அட்டைக்கு உள்பக்கம் முன்னால் படித்தவர்களின் பெயர்கள் இருக்கும். எனக்குக் கிடைத்த வரலாற்றுப் புத்தகத்தில் எங்கள் லயத்து அக்காவின் பெயர் இருந்தது. அவர் படித்த புத்தகம் என்பதாலேயே அந்தப் பாடத்தை நன்றாகப் படித்தேன். அப்பாவின் புத்தகத்தில் யார் பெயர் இருந்தது?

இரண்டாவது, தமிழ் வகுப்பு. பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால்தான் இடைநிலைப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பார்கள் என்பது விதி. எங்கள் ஆசிரியர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். வகுப்பு சனிக்கிழமை காலையில், வேறு யாரும் இல்லாத பள்ளிக்கூடத்தில். இந்தப் பகுதியைத் தமிழில் எழுத எனக்குக் கை வருகிறதென்றால் அந்தக் கையெழுத்துகள்தான் காரணம். உங்கள் அப்பா பள்ளியில் பதினைந்து சேர்ந்ததா, சேரவில்லையா? அவர் வீட்டில் தமிழ்ப் பேச்சை எவ்வளவு பிடிவாதமாகக் காப்பாற்றுகிறார் என்பதற்கு அதில் விடை இருக்கலாம்.

அந்த வருஷம் கொடுத்ததையும் சொல்லவேண்டும். இங்கே வார்டில் வேலைக்குச் சேர்ந்தபோது மூத்த நோயாளிகள் பலருக்கு ஆங்கிலம் தெரியாது. மலாய் மாதர், பாபா வீட்டுப் பாட்டி, பழைய சீனத் தாத்தாக்கள், நம் ஊர்ப் பெரியவர்கள் எல்லோரோடும் நான் பேசியது மலாயில். "எங்கே வலிக்கிறது?" என்று அவரவருக்குப் புரியும் மொழியில் கேட்கும்போது முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன். புகுமுக வகுப்பு எனக்கு அதைக் கொடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்தவளிடமிருந்து பள்ளிக்கூடத்தையே எடுத்துக்கொண்டது. இரண்டும் நடந்தது, இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

அப்பா பேசும்போது கைத்தொலைபேசியில் பதிவு செய்து வையுங்கள். அவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: தங்கச்சி, எனக்கு மலாய் சொல்லிக்கொடுத்ததே என் நண்பன்தான். என்னைவிட நன்றாகப் படிப்பான். அவன் அப்பா இறந்ததும் படிப்பை விட்டுத் தோட்ட வேலைக்குப் போய்விட்டான். நான் இங்கே வந்து கப்பல் பட்டறையில் வேலை செய்து, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்கி, பிள்ளைகளைக் கரையேற்றினேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் அவனுக்குக் கொஞ்சம் பணம் கொடுக்கப் பார்க்கிறேன். வாங்கமாட்டான். போன தீபாவளிக்குப் போனபோது சரியாக முகம்கொடுத்துப் பேசவே இல்லை.
பணி ஓய்வு பெற்றவர், உட்லண்ட்ஸ்

பதில்: அண்ணே, பணத்தை நிறுத்திவிடுங்கள்.

உங்களுக்குத் தெரியாததில்லை. 1973 வரை இரண்டு நாட்டு நாணயமான வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று. நான் வந்த எண்பதுகளில்கூட இங்கே ஒரு வெள்ளி அங்கே ஒன்றரை வெள்ளியைத் தொடாது. இப்போது மூன்றைத் தாண்டி நிற்கிறது. பாலத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் வந்த வித்தியாசம் அது. அவர் உழைப்புக் குறைந்ததால் வந்ததல்ல. உங்களுக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் நோட்டை நீட்டும்போது அந்த வித்தியாசம் உங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றுவிடுகிறது.

அவரிடம் ஏதாவது கேளுங்கள். கொடுப்பதை விட்டுவிட்டுக் கேளுங்கள். "நம்ம புகுமுக வகுப்பு ஆட்களைத் தேடணும், நீதான் ஊரில் இருக்கிறாய், உன்னால்தான் முடியும்" என்று சொல்லுங்கள். அடுத்த முறை போனால் ஹோட்டலில் தங்காமல் அவர் வீட்டில் இரண்டு நாள் தங்குங்கள். அவர் மனைவி சமைத்ததைச் சாப்பிடுங்கள். பேரப்பிள்ளைக்குப் பள்ளிச் செலவு இருந்தால், அது நீங்கள் தாத்தா முறையில் செய்யும் சீர், அதை மறுக்கமாட்டார்கள்.

முக்கியமாக ஒன்று. மலாய் சொல்லிக்கொடுத்தது அவர்தான் என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? அவருடைய பிள்ளைகள் முன்னால், உங்கள் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, "எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவன் இவன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் வீட்டில் அவர் படித்த பிள்ளை என்பதே தெரியாமல் இருக்கலாம்.

கேள்வி: எங்கள் தமிழாசிரியைக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. ஜோகூர் பாருவில் மகன் வீட்டில் இருக்கிறார். மறதி நோய். யாரையும் அடையாளம் தெரியாது என்கிறார்கள். போய்ப் பார்ப்பதில் அர்த்தம் உண்டா?
ஒரு மாணவி, சுவா சூ காங்

பதில்: உண்டும்மா. தாமதிக்காமல் போங்கள். இந்த நோயில் அண்மை நினைவுதான் முதலில் போகும், பழைய நினைவு பலருக்கு இன்னும் கொஞ்ச காலம் தங்கும். காலையில் சாப்பிட்டது தெரியாதவருக்கு வகுப்பறை தெரியலாம்.

மகனிடம் கேட்டு, காலை வேளையில் போங்கள். மாலையானால் பலருக்குக் குழப்பமும் படபடப்பும் கூடும். பத்துப் பேராகப் போகாமல் இரண்டு பேர் போங்கள். "என்னைத் தெரிகிறதா டீச்சர்?" என்று கேட்கவே கேட்காதீர்கள். தெரியவில்லை என்றால் அவர் பயந்துபோவார், வெட்கப்படுவார். "வணக்கம் டீச்சர், நான் உங்க மாணவி, குளுவாங்கில் உங்ககிட்ட படிச்சேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். பழைய படம் இருந்தால் எடுத்துப் போங்கள். அவர் மனப்பாடம் செய்யவைத்த செய்யுள் ஒன்றை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். கூடவே உதடு அசைந்தால் நல்லது, அசையாவிட்டாலும் உங்கள் குரல் அவருக்கு இதமாக இருக்கும். உங்களை வேறு யாராவது என்று நினைத்துப் பேசினால் திருத்தவேண்டாம். களைப்பு தெரிந்தால் எழுந்துவிடுங்கள்.

கேள்வி: சிறிய ஊர்ப் பள்ளி என்றால் மலேசியாக்காரர்களுக்கு மட்டும்தானா? நாங்கள் தஞ்சோங் பகார்ப் பிள்ளைகள். எங்களுக்கு அதுவே ஓர் ஊர். எங்கள் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளியே இல்லாமல் போய்விட்டது. நாங்கள் எங்கே கூடுவது?
ஒரு மூத்த வாசகர், புக்கிட் மேரா

பதில்: நியாயமான கேள்வி, ஐயா. 1946-ல் கடையநல்லூர் மக்கள் தொடங்கி, 1960-ல் உயர்நிலைப்பள்ளியாகி, 1982-ல் மூடப்பட்ட பள்ளி. தமிழில் உயர்நிலைக் கல்வியை இந்த வட்டாரத்தில் கொடுத்த பள்ளி அது. நாங்கள் ஒரு தமிழ் வகுப்புக்குப் பதினைந்து கையெழுத்துத் தேடியபோது, நீங்கள் வேதியியலும் தமிழில் படித்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டு நான் வியந்திருக்கிறேன். பியட்டி சாலையில் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் இருக்கிறது. பெயர் அங்கே வாழ்கிறது. அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். உங்களிடம் பழைய ஆண்டுமலர், வகுப்புப் படம், சான்றிதழ் இருந்தால் வீட்டில் பூச்சி அரிக்க விடாதீர்கள். தேசிய நூலகத்திடம் காட்டுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர்களைப் பின்னால் பென்சிலால் எழுதி வைத்துவிட்டுக் கொடுங்கள். அந்த முகங்களை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் உங்கள் தலைமுறைதான்.

கேள்வி: 2006 கடைசி வெள்ளத்தில் எங்கள் வீட்டில் தண்ணீர் புகுந்து என் எஸ்.பி.எம். சான்றிதழ் போய்விட்டது. இத்தனை வருஷம் கழித்துக் கிடைக்குமா?
ஒரு வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: மலேசியத் தேர்வு வாரியத்துக்கு எழுதிக் கேளுங்கள். முடிவை உறுதிப்படுத்தும் கடிதம் பெறலாம். தேர்வு எழுதிய வருஷம், பள்ளியின் பெயர், அடையாள அட்டை எண், தெரிந்தால் தேர்வு எண் எல்லாம் குறிப்பிடுங்கள். தேர்வு எண் மறந்திருந்தால் பள்ளி அலுவலகத்தில் பழைய பதிவேடு இருக்கிறதா என்று விசாரியுங்கள். அந்த வெள்ளத்தில் குளுவாங், கோத்தா திங்கி, சிகாமட்டில் நிறையப் பேர் இப்படித்தான் எல்லாவற்றையும் இழந்தார்கள்.

கேள்வி: டிசம்பரில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சிங்கப்பூரிலிருந்து குளுவாங் போகிறோம். காரா, ரயிலா?
தோழிகள் குழு, அங் மோ கியோ

பதில்: ரயில் என்பேன். தஞ்சோங் பகாரில் ஏறி நேராகக் குளுவாங்கில் இறங்கிய காலம் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு போய்விட்டது. இப்போது உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியிலிருந்து ஷட்டில் ரயில், ஐந்து நிமிடத்தில் ஜோகூர் பாருவின் ஜேபி சென்ட்ரல் நிலையம். அங்கிருந்து குளுவாங்குக்கு வேறு ரயில். இடையில் நேரம் விட்டு டிக்கெட் எடுங்கள். காரில்தான் போவேன் என்றால், சிங்கப்பூர் காருக்கு மலேசிய வாகன நுழைவு அனுமதி இருக்கவேண்டும். 2025 ஜூலை முதல் அது இல்லாமல் பிடிபட்டால் 300 ரிங்கிட் அபராதம். வெள்ளி மாலையும் சனி காலையும் பாலத்தில் நிற்கவேண்டாம். குளுவாங் ரயில் நிலையக் கோப்பிக் கடை 1938-ல் தொடங்கியது. பள்ளி நாளில் காசு இல்லாமல் வெளியே நின்று வாசனை பிடித்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், அவர்களை முதலில் உட்காரவைத்துக் காயா ரொட்டியும் கோப்பியும் சொல்லுங்கள். விடுமுறைக் காலம் என்பதால் ரயில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், இப்போதே பாருங்கள்.